120 பெட்டிகள்: பெரிய கேம் ஒன்று சறுக்கியபோது சிறிய கடையில் நடந்தவை

சிங்கப்பூரின் வடக்கே, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் வீடியோ கேம் கடையில் நடந்த நிகழ்வு இது. அந்தக் கடையின் கணக்கை மாதம் இரண்டு முறை போய்ப் பார்ப்பவன் நான். கடைக்காரர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். கேமின் பெயர், தயாரித்த நிறுவனம், விநியோகஸ்தர், ஆண்டு எதையும் சொல்லவில்லை. விலைகளும் எண்ணிக்கைகளும் கணக்கு நோட்டில் உள்ளபடியே.

பின்னணி

கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவர் ‘பாய்’. எனக்கும் அப்படித்தான். அவருடைய அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கேம் வடிவமைப்பு படிக்கிறான். மாலையிலும் வார இறுதியிலும் கடையில் நிற்பான்.

இந்தத் தொழிலின் வரவுசெலவு வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. புது கேம் ஒன்று 92 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்றால் கொள்முதல் 80 வெள்ளி. மிஞ்சும் 12 வெள்ளியில்தான் வாடகை, மின்சாரம், அட்டைக்கட்டணம் எல்லாம். லாபம் பழைய கேமில் இருக்கிறது. ஒருவர் விளையாடி முடித்ததை 40-க்கு வாங்கி 58-க்கு விற்கலாம். “புது கேம் ஆளை உள்ளே கூட்டிட்டு வரும், பழைய கேம் வாடகை கட்டும்” என்பார் பாய். புதுச் சரக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: விற்காத பெட்டியை விநியோகஸ்தர் திரும்ப எடுப்பதில்லை. முப்பது நாளில் பணம் கட்டியாக வேண்டும்.

பெரிய முதலீட்டில் வரும் கேம்கள் ஏன் இப்படிச் சறுக்குகின்றன என்பதற்குக் கொஞ்சம் இடம் தர வேண்டும். 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த சோனி ஆவணங்களில் செலவுக் கணக்குகளைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது மைக்கு அடியில் இருந்த எண்கள் தெரிந்துவிட்டன. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’-க்கு 220 மில்லியன் அமெரிக்க டாலர், ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’டுக்கு 212 மில்லியன். அவை இரண்டும் நன்றாகவே வந்த கேம்கள். ஆனால் அந்த அளவு பணம் ஒரு தேதியில் கட்டப்பட்டிருக்கும்போது, விளம்பரம், காலாண்டுக் கணக்கு, பள்ளி விடுமுறை எல்லாம் அந்தத் தேதியோடு சேர்ந்தே நகர வேண்டும். ஒருமுறை தள்ளலாம், இரண்டு முறை தள்ளலாம். அப்புறம் தள்ள முடியாது. கேம் தயாரோ இல்லையோ, தேதி வந்துவிடும்.

தள்ளித் தள்ளி வந்தால் மட்டும் சரியாகிவிடும் என்றும் இல்லை. யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் சிங்கப்பூர் பிரிவு முன்னின்று உருவாக்கிய ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ 2017-இல் அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2024 பிப்ரவரியில்தான் வந்தது. பெரிய முதலீட்டு கேம்களை ‘ஏஏஏ’ என்பார்கள்; யூபிசாஃப்டின் தலைவர் இதை ‘ஏஏஏஏ’ தரம் என்றார். விமர்சகர்களுக்கு அத்தனை ‘ஏ’ தென்படவில்லை.

ஆர்டர் எண்ணிக்கை எப்படி முடிவானது

நம் கதையில் வரும் கேம் ஒரு புகழ்பெற்ற தொடரின் அடுத்த பாகம். நவம்பர் கடைசியில் வெளியீடு. பள்ளி விடுமுறையின் தொடக்கம். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. சுமார் 70 நாள் இருக்கும்போது விநியோகஸ்தரின் ஆள் படிவத்தோடு வந்தார். நூறு பெட்டிக்கு மேல் எடுத்தால் பெட்டிக்கு 2 வெள்ளி குறைவு, கடைவாசலில் நிறுத்த ஆள் உயர அட்டை உருவம், முன்பதிவு செய்பவர்களுக்குக் கொடுக்கச் சாவிக்கொத்து.

முந்தைய பாகம் முதல் மாதத்தில் 96 பெட்டி போயிருந்தது. முன்பதிவு தொடங்கி இரண்டு வாரத்தில் 40 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நோட்டில் பென்சிலால் 96 என்று எழுதி, பக்கத்திலேயே 110 என்று எழுதியது நான்தான். பாய் அதை 120 ஆக்கினார்: சோனியின் கேம் கன்சோல்களில் புதிய பிளேஸ்டேஷன் 5-க்கு (பிஎஸ்5) 75, பழைய பிஎஸ்4-க்கு 45. சிலையோடு வரும் சிறப்புப் பதிப்பு 12. மொத்தம் 12,120 வெள்ளி.

அக்கா மகன் அன்றே ஒரு விஷயத்தைச் சொன்னான்.

“மாமா, ட்ரெய்லர் எல்லாமே கேமைக் கம்ப்யூட்டர்ல ஓட்டி எடுத்தது. பிஎஸ்4-ல ஓடுறதை இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் காட்டல.”

“அவ்வளவு காசைக் கொட்டிட்டு ஓடாததையா விப்பான்?” என்றார் பாய்.

அவன் ‘சைபர்பங்க் 2077’ என்ற கேமை நினைவுபடுத்தினான். 2020 அக்டோபர் தொடக்கத்தில் ‘வேலை முடிந்தது, டிஸ்க் அச்சுக்குப் போகலாம்’ என்று அறிவித்தார்கள். அதே மாதக் கடைசியில் மீண்டும் தள்ளினார்கள். டிசம்பர் 10-இல் வந்தது. முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்ப்யூட்டரில் ஓடும் பதிப்பை மட்டும். பழைய கன்சோலில் அது எந்த நிலையில் இருந்தது என்பது காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் டிஜிட்டல் கடையிலிருந்தே எடுத்துவிட்டது.

நான் குறுக்கிட்டு, அது புதுக் கதை, இது பழைய தொடர், இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்றேன். முன்பதிவு வேகம் வேறு கண்ணை மறைத்தது. அந்த 40 பேரும் பார்த்தது நாங்கள் பார்த்த அதே ட்ரெய்லரைத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் முன்பதிவு 71 ஆனது. அதில் 26 பிஎஸ்4-க்கு. ஒவ்வொருவரிடமும் 20 வெள்ளி முன்பணம். சிறப்புப் பதிப்புக்கு 9 பேர், தலா 50 வெள்ளி. ரசீதின் அடியில் ‘முன்பணம் திரும்பத் தரப்படாது’ என்று அச்சிட்டிருந்தது.

செவ்வாய் முதல் வியாழன் வரை

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்துப் பார்த்தது இந்த மூன்று நாளைத்தான்.

டிஜிட்டலில் விலை உயர்ந்த பதிப்பை வாங்கியவர்கள் மூன்று நாள் முன்னதாகவே விளையாடலாம் என்பது ஏற்பாடு. பெட்டி வாங்குபவர்களுக்கு வெள்ளிக்கிழமை, அவர்களுக்குச் செவ்வாய். திங்கள் இரவு வந்த விமர்சனங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பதிப்பைப் பற்றியவை. சுமார்தான், ஆனால் ஓடுகிறது என்றன. செவ்வாய் மாலை அக்கா மகன் கல்லூரியிலிருந்து நேராக வந்து, பையைக்கூடக் கழற்றாமல், கைப்பேசியைக் கல்லாமேசையில் வைத்தான். யாரோ பிஎஸ்4-இல் பதிவு செய்த காட்சி. குதிரை வயிறு வரைக்கும் சாலைக்குள் புதைந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு முகம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு படம் உறைந்து, நீலத் திரை.

பாய் அதை இரண்டு முறை பார்த்தார்.

பிஎஸ்4-க்கு முன்பதிவு செய்த 26 பேருக்கும் அன்றிரவே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடலாம் என்றான் அவன். நான் வேண்டாம் என்றேன். என் காரணங்கள் மூன்று. செய்தி போனால் ரத்து வரும். ரசீது நம் பக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, கோளாறுகளைத் திருத்த இணையம் வழி வரும் முதல் நாள் பேட்ச் வரும்போது பாதி கோளாறு சரியாகிவிடலாம். மூன்றும் தனித்தனியே பார்த்தால் பொய்யில்லை. ஆனால் மூன்றுமே சரக்கைப் பற்றிய காரணங்கள். வாங்கப் போகிறவரைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

பாய் நடுவில் ஒரு முடிவு எடுத்தார்: கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்வோம், கேட்காதவர்களுக்கு நாமாகச் சொல்ல வேண்டாம். வியாழன் வரைக்கும் இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேரும் ரத்து செய்தார்கள். அதைப் பார்த்ததும் ‘நான் சொன்னேனில்லையா’ என்ற மாதிரி எனக்கு இருந்தது உண்மை.

வெள்ளிக்கிழமை

விற்பனை நன்றாகவே இருந்தது. கடை திறக்கும் முன்பே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். முன்பதிவில் 47 பேர் அன்றே வந்து வாங்கினார்கள். வழியோடு வந்து வாங்கியவர்கள் 19. பாய் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து முன்பதிவில் 11 பேர், வெளியாட்கள் 8 பேர். வார இறுதியில் மொத்தம் 85 பெட்டி போயிருந்தது. முன்பதிவு செய்தும் வராதவர்கள் 13 பேர், செவ்வாய்க்குப் பிறகு ரத்து செய்த அந்த இருவரையும் சேர்த்து. மீதி 35.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் டிஸ்க் இருந்தாலும் கேம் முழுக்க அதில் இருக்கிறது என்று இப்போதெல்லாம் சொல்ல முடியாது. 2022-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’-இன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 மெகாபைட்தான், மற்றதெல்லாம் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். நம் கேமில் டிஸ்க் நிறைந்துதான் இருந்தது. ஆனால் அச்சான நாளின் அரைகுறை வேலை அப்படியே அதில் உறைந்திருந்தது. முதல் நாள் பேட்ச் வந்தது. பிஎஸ்5-இல் நிலைமை கொஞ்சம் தேறியது. பிஎஸ்4-இல் குதிரை சாலைக்கு மேலே வந்தது. நீலத் திரை போகவில்லை.

திங்கள்கிழமை வந்தவர்

திங்கள் மதியம் நான் கடையில் இருந்தேன். பேருந்து ஓட்டுநர் ஒருவர், சீருடையோடு, வேலை மாறும் இடைவேளையில் வந்தார். சிவப்புப் பிளாஸ்டிக் பையில் பெட்டி. பெட்டிக்குள் நான்காக மடித்த ரசீது. மகன் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ‘ஓ’ நிலைத் தேர்வை எழுதி முடித்ததற்காக வாங்கித் தந்தது. பையன் கடைக்குள் வராமல் வெளியே தூணோரம் நின்றான்.

“பாய், இதுல என்ன தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியல. மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான். கேட்டா ஒண்ணுமில்லைங்கிறான்.”

பாய் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் பழைய பிஎஸ்4-இல் போட்டார். விசிறி கிரைண்டர் மாதிரி இரைந்தது. பன்னிரண்டாவது நிமிடம் நின்றது. திரையில் ‘சிஇ-34878-0’, கேம் பாதியில் செத்துப்போனால் அந்தக் கன்சோல் காட்டும் குறியீடு. மறுபடி போட்டார். இந்த முறை ஒன்பது நிமிடம். குறியீட்டை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாய்?”

பாய் என்னைப் பார்க்கவில்லை. “செவ்வாய்க்கிழமையே தெரியும் அண்ணே” என்றார்.

அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பாய் கல்லாவைத் திறந்து 92 வெள்ளியை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார். அவர் போன பிறகு வெகுநேரம் கடையில் யாரும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றிரவு மூவரும் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அதற்குள் இன்னொரு வாடிக்கையாளர், பணம் தராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று செய்தி அனுப்பியிருந்தார். அது வெறும் மிரட்டல் இல்லை. இந்த அளவு சிறிய தொகைக்கு வழக்குப் பதிய ஒரு பயனீட்டாளருக்கு 10 வெள்ளிதான் ஆகும், வழக்கறிஞரும் தேவையில்லை.

சட்டத்தைப் பார்த்தேன். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் விதிகளின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் கோளாறு தெரிந்தால் அது விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழுது பார்ப்பதோ மாற்றித் தருவதோ முதல் வழி. அது முடியாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம். பொறுப்பு விற்றவருக்கு, தயாரித்தவருக்கு இல்லை. கீறலில்லாத டிஸ்க்கில் ஓடாத கேமை இதில் எங்கே வைப்பது என்று வாதாட இடமிருக்கிறது என்றேன். “வாதாடி ஜெயிச்சா அவன் திரும்பக் கடைக்கு வருவானா?” என்று கேட்டார் பாய்.

பெரிய நிறுவனங்கள் கைகொடுக்குமா என்பதற்கும் முன்னுதாரணம் பார்த்தோம். 2020 டிசம்பர் 14-இல் சைபர்பங்க் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு வெளியிட்ட அறிக்கையில், பெட்டி வாங்கியவர்கள் முதலில் வாங்கிய கடையிலேயே பணத்தைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் எங்களிடம் வாருங்கள் என்றிருந்தது. அதற்கும் டிசம்பர் 21 வரைதான் கெடு. ‘கான்கார்டு’ என்ற கேமை சோனி 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்டு, இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6-இல் மூடியபோதும், கடைகளில் டிஸ்க் வாங்கியவர்களை அந்தந்தக் கடையின் வழிமுறையைப் பார்க்கச் சொன்னது. மன்னிப்பு மேலிருந்து வரும், பணம் கல்லாவிலிருந்து போகும். விநியோகஸ்தரைக் கேட்டோம். சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

கடைசியில் முடிவானது இது. பிஎஸ்4 பெட்டியை ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் முழு 92 வெள்ளி, கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளும் வரவாக. பிஎஸ்5-இல் கேம் ஓடுகிறது, பிடிக்கவில்லை என்பதுதான் குறை. அதற்கு 70 வெள்ளி வரவு. வராத 13 பேரின் முன்பணத்தைப் பறிக்க வேண்டாம், அதுவும் வரவாகட்டும். முன்பணத்தை விடக் கூடாது என்று நான் வாதாடினேன், பாய் கேட்கவில்லை. ரொக்கம் ஏன் தரவில்லை என்றால், மாதக் கடைசியில் விநியோகஸ்தருக்குக் கட்ட வேண்டிய பணம் அதிலிருந்துதான் வர வேண்டும். ரொக்கம் ஓட்டுநருக்கு மட்டும்.

இந்த முறை 71 பேருக்கும் செய்தி போனது. எழுதியது அக்கா மகன்.

பின்னர் நடந்தவை

31 பெட்டிகள் திரும்பி வந்தன: பிஎஸ்4 14, பிஎஸ்5 17. ரொக்கத்தையும் சேர்த்து 2,478 வெள்ளி. நடுவர் மன்றம் என்றவரும் வரவை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வாங்கிப் போனார்.

மீதி 35 புதுப் பெட்டிகளில் நான் இன்னொரு தவறு செய்தேன். உடனே விலையைக் குறைத்தால் முதல் நாள் வாங்கியவர்கள் வருத்தப்படுவார்கள் என்று சொல்லி, 85-இலேயே பத்து நாள் நிறுத்தச் சொன்னேன். அந்தப் பத்து நாளில் ஒரு பெட்டிகூடப் போகவில்லை. மூன்றாவது வாரம் இணையக் கடைகளில் அதே கேம் 65-க்கு வந்தது. நாங்களும் 65-க்கு வந்தோம், 15 போயின. சீனப் புத்தாண்டு நேரத்தில் 45-க்கு 12. எட்டு நின்றுவிட்டன. திரும்பி வந்தவற்றில் 25 பெட்டிகள் ஆறு மாதத்தில் சராசரி 35 வெள்ளிக்குப் போயின.

சிறப்புப் பதிப்பில் ஏழு பேர் வாங்கினார்கள், ஐந்து மிஞ்சியது. பாய் பெட்டியைப் பிரித்துச் சிலையை மட்டும் 80 வெள்ளிக்கு வைத்தார். இரண்டே வாரத்தில் ஐந்தும் போய்விட்டன. கேமை யாரும் கேட்கவில்லை.

ஜூனில் கணக்கை முடித்தேன். நஷ்டம் 2,133 வெள்ளி. சிறிய கடைக்கு அது வலிக்கும், ஆனால் மூழ்கடிக்காது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. மார்ச்சில் இன்னொரு பெரிய கேம் வந்தது, நல்ல கேம். முன்பதிவுக்கு வந்தவர்கள் 22 பேர்தான். திரும்பி வந்தவர்களில் வரவு வாங்கிப் போன பலர் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை செய்தி கிடைக்காமல், வெள்ளிக்கிழமை பிஎஸ்4 பெட்டி வாங்கி, பேசாமல் வைத்துக்கொண்டவர்களில் ஒருவரும் இல்லை.

எட்டு மாதம் கழித்து கேமைச் சரிசெய்து பெரிய பேட்ச் விட்டார்கள். இப்போது நன்றாக ஓடுகிறது என்கிறான் அக்கா மகன். சைபர்பங்க்கும் 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் வந்தபின் இப்படித்தான் பெயரை மீட்டது. நம் கேமின் பேட்ச் வந்த வாரம் எங்கள் எட்டுப் பெட்டியில் மூன்று போனது, தலா 25 வெள்ளிக்கு. மற்றவர்கள் டிஜிட்டல் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டார்கள்.

மாற்றியவை

ஆர்டர் இப்போது முன்பதிவு எண்ணிக்கையோடு பத்துப் பெட்டி, அவ்வளவுதான். நூறைத் தாண்டினால் கிடைக்கும் 2 வெள்ளி குறைவுக்காக எண்ணிக்கையை ஏற்றுவதில்லை. அன்று அந்தக் குறைவில் மிச்சமானது மொத்தம் 240 வெள்ளி. எந்தக் கன்சோலில் கேம் ஓடுவதைக் காட்டவில்லையோ, அந்தக் கன்சோலுக்கு முன்பதிவே எடுப்பதில்லை. வந்த பிறகு பார்த்து எடுக்கிறோம். இதனால் இரண்டு நல்ல கேம்களில் சரக்கு இல்லாமல் விற்பனையை விட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். எண்களை வைத்துப் பார்த்தால் பத்து என்பது குறைவு, இருபது வைக்கலாம் என்பது என் கருத்து. பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

முன்னதாக விளையாடும் நாளன்று மாலை அக்கா மகன் பார்த்ததை எழுதி, முன்பதிவு செய்த எல்லோருக்கும் செய்தி போகிறது, நல்லதோ கெட்டதோ. ரத்து செய்பவருக்கு முன்பணம் கையில் திரும்புகிறது. முதல் தடவை 19 பேரில் ஆறு பேர் ரத்து செய்தார்கள். அதில் நான்கு பேர் பழைய கேம் அலமாரிப் பக்கம் போனார்கள்.

ரசீதுப் புத்தகம் மட்டும் பழையதுதான், இன்னும் இரண்டு கட்டு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பாய் பேனாவை எடுத்து ‘முன்பணம் திரும்பத் தரப்படாது’ என்ற வரியை அடித்துவிட்டுத்தான் கிழித்துக் கொடுக்கிறார்.